நமக்கென்று ஒரு மேஜர்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான்: “என்ன மேஜர் எடுக்கப்போறே?” பி.காம்., பி.சி.ஏ., விஸ்காம், சுவாலஜி என்று பட்டியல் ஓடும். மாமா ஒன்று சொல்வார், எதிர்வீட்டு அக்கா இன்னொன்று சொல்வார். பட்டியலில் இல்லாத ஒரு மேஜரை மாணவரே வடிவமைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு மட்டும் எழாது. உலகில் சில கல்லூரிகளில் அரை நூற்றாண்டாக இது நடக்கிறது. எப்படி நடக்கிறது, நம் பக்கத்தில் எவ்வளவு தூரம் சாத்தியம் என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் மேஜர் என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்று வருஷப் படிப்பு பெரும்பாலும் 140 கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு கிரெடிட். இந்த 140ஐ ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதில் கோர் பேப்பர்களும் அலைடு பேப்பர்களும் வரும். நான்காவதில் சுற்றுச்சூழல் பாடம், திறன் பாடங்கள், வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ். ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியானவை. நாம் மேஜர் என்று சொல்வது அந்த மூன்றாம் பகுதியைத்தான். பட்டத்தின் கனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அந்த மூன்றாம் பகுதியில் எந்தெந்தப் பேப்பர் வரும் என்று முடிவு செய்வது பாடத்திட்டக் குழு. சாதாரணக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்தின் குழு; தன்னாட்சிக் கல்லூரிக்கு அதன் சொந்தக் குழு. தாம்பரத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து 1937இல் இங்கே குடிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1978இல் தன்னாட்சி பெற்றது. தமிழ்நாட்டில் முதலில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை. பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன்னாட்சியால் சுதந்திரம் பல்கலைக்கழகத்திடமிருந்து கல்லூரிக்கு வந்தது. கல்லூரியிலிருந்து மாணவரிடம் வருவது அதற்கடுத்த படி. நாம் பேசுவது அந்தப் படியைப் பற்றி.

பல துறைகளைக் கலந்த படிப்புகள் சென்னையின் தென்புறத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். மாணவர்கள் தங்கள் பிரிவைத் தாண்டி, டேட்டா சயின்ஸ், ரோபாட்டிக்ஸ் போன்ற துறைகளில் எம்.டெக்.கையும் சேர்த்து ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் வாங்கலாம். ஆனால் இவற்றில் எதை எதோடு கலப்பது என்று நிறுவனம் முன்பே தீர்மானித்துவிட்டது. மாணவர் வடிவமைக்கும் மேஜரில் அந்தத் தீர்மானம் மாணவருடையது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரு தவறான எண்ணத்துக்குப் போகிறோம். சொந்த மேஜர் என்றால் பிடித்த பேப்பரையெல்லாம் பொறுக்கிக்கொள்ளலாம், கஷ்டமான கணக்கை விட்டுவிடலாம் என்று. பிள்ளைகள் இதற்காகவே ஆசைப்படுகிறார்கள். பெற்றோர் இதற்காகவே பயப்படுகிறார்கள். உண்மையில் இது மேடவாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ மனை வாங்கிச் சொந்த வீடு கட்டுவது போன்றது. துறை தரும் மேஜர் ஒரு ஃப்ளாட்: சாவி வாங்கிக் குடிபோனால் போதும். சொந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்பது நம் இஷ்டம்தான். ஆனால் பிளான் போட வேண்டும், இன்ஜினியர் கையெழுத்து வேண்டும், சுற்றிலும் இடம் விட வேண்டும், அப்ரூவல் வாங்க வேண்டும். மாடி வேண்டுமென்றால் அதைத் தாங்கும் தூண் கீழே இருக்கிறதா என்று கேட்பார்கள். ஃப்ளாட்காரரிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை.

அப்படிக் கட்டிய ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வில் ஷார்ட்ஸ் என்பவர் 1974இல் புதிரியலில் பட்டம் வாங்கினார். புதிரியல் என்று அங்கே துறையே கிடையாது. மாணவர்களே மேஜர் வடிவமைக்க அங்கே ஒரு திட்டம் இருந்தது. அதன்கீழ் சொல் புதிர், கணிதப் புதிர், தர்க்கப் புதிர் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஆசிரியரைத் தேடிப்பிடித்துப் படித்தார். கடைசியில், 1860க்கு முந்தைய அமெரிக்கச் சொல் புதிர்களின் வரலாற்றை ஆய்வேடாக எழுதினார். 1993இலிருந்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு அவர்தான் ஆசிரியர். வெறும் பொழுதுபோக்கு என்று தோன்றும் ஒன்றைப் பட்டமாக்கியது அவருடைய ஆசை மட்டுமல்ல, அந்த ஆய்வேட்டின் உழைப்பும்தான்.

இப்போது நாமே ஒன்று கட்டிப் பார்க்கலாம். சொந்த மேஜர் பாடப் பட்டியலில் தொடங்காது. ஒரு கேள்வியில் தொடங்கும். முடிச்சூர் மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது அவள் சின்னப் பிள்ளை. அவளுடைய கேள்வி: “எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏன் வருகிறது?”

இந்தக் கேள்வி எந்தத் துறைக்குச் சொந்தம்? ஓடும் தண்ணீரைப் புரிந்துகொள்ளப் புவியியல் வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கின்றன. அப்படியானால் செம்பரம்பாக்கத்தை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளைப் பார்க்க வேண்டும். ரயில் பாதைக்குக் கிழக்கே கதை வேறு. சேலையூர், செம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் போக வேண்டிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதைப் படிக்கச் சூழலியல் வேண்டும். மழைக் கணக்குக்குப் புள்ளியியல். ஏரிக்கரை எப்போது மனைப்பிரிவானது என்பதற்கு நிலச் சட்டமும், பட்டா, புறம்போக்கு என்ற வருவாய்த் துறை வழக்கமும். வாய்க்காலைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்பதற்குப் பொது நிர்வாகம். ஏரிப் பாசனம் முன்பு எப்படி நடந்தது என்பதற்கு வரலாறு.

பட்டியல் அழகாக இருக்கிறது. இனி அதை வெட்ட வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் ஒவ்வொரு பேப்பரிலும் விரல் வைத்து, “இதை எடுத்துவிட்டால் உன் கேள்விக்கு என்ன குறையும்?” என்று கேட்பார். பதில் இல்லாவிட்டால் அது போகும். அவள் ஆசையாகச் சேர்த்த ஒளிப்படக் கலை அநேகமாக இங்கே அடிபடும். அடுத்து ஆழம். ஆறு துறைகளில் ஆறு அறிமுகப் பேப்பர் படித்தால் ஆறு வாசற்படியில் நின்றதாகத்தான் ஆகும். ஏதாவது இரண்டு துறையிலாவது முதல் வருஷப் பேப்பரிலிருந்து மூன்றாம் வருஷப் பேப்பர் வரை ஏறியிருக்க வேண்டும். அடிப்படைப் புள்ளியியல் முடிக்காமல் வெள்ளக் கணிப்புக்குப் போக முடியாது. கஷ்டமான கணக்கை விட்டுவிடலாம் என்று வந்தவள் இந்தக் கட்டத்தில் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்!

இத்தனையும் எழுத்தில் வர வேண்டும்: கேள்வி என்ன, எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர், இருக்கிற மேஜர் ஒன்று ஏன் போதாது, கடைசி வருஷத்து ஆய்வு என்ன. இந்த மனு பல துறை ஆசிரியர்கள் அடங்கிய குழுவுக்குப் போகும். அவர்கள் திருப்பி அனுப்புவார்கள்; திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகம் 1969இல் மாணவர்களின் வற்புறுத்தலால் தன் பாடத்திட்டத்தையே திறந்துவிட்டது. அங்கும்கூடச் சொந்த மேஜருக்கு இப்படி மனு எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய கிளஸ்டர் இன்னோவேஷன் சென்டரில், கலைப் புல மாணவர்கள் வெவ்வேறு கல்லூரிகளில் பேப்பர் எடுத்துத் தங்கள் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையோடு ஒரு பி.ஏ. உருவானது. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்டச் சட்டகம், ஒரே மேஜர் என்றால் பாதிக் கிரெடிட்டாவது அந்தத் துறையில் இருக்க வேண்டும் என்கிறது. பல துறை கலந்த பட்டத்தில் கோர் பேப்பர்களைச் சம்பந்தப்பட்ட துறைகளுக்குள் பகிர்ந்துகொள்ளவும் இடம் தருகிறது.

நம் ஊரில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: “இந்த டிகிரி செல்லுமா?” நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு, ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையா இல்லையா என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும். பெயரில் சிறு மாற்றம் இருந்தாலே இணைச் சான்று கேட்டு அலைய நேரலாம். பட்டம் எதுவானாலும் போதும் என்கிற சிவில் சர்வீஸ், குரூப் 1 தேர்வுகளுக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் ஆசிரியர் பணிக்கும், சில எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்க்கைக்கும் இடைஞ்சல் உண்டு. ஆகவே போகும் வழியை முன்பே பார்த்துவைப்பது நல்லது.

அப்படியானால் நம் முடிச்சூர் மாணவி என்ன செய்வாள்? பட்டச் சான்றில் புவியியல் என்ற பெயரே இருக்கட்டும். அலைடு பேப்பரில் தேர்வு தருவார்களானால் புள்ளியியலை எடுக்கலாம். பலரும் “ஈசியா மார்க் வரும்” என்று எடுக்கிற நான்-மேஜர் எலெக்டிவ் இடத்தில் நிர்வாகத்தையோ சூழலியலையோ வைக்கலாம். ஆறாம் செமஸ்டர் புராஜெக்டில் தன் தெருவின் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளலாம். பட்டத்தின் பெயர் வேறாக இருந்தாலும் படிப்பின் ஒரு நல்ல பகுதி அவளுடைய கேள்வியைச் சுற்றியே அமைந்துவிடும். இதற்கு யாருடைய அரசாணையும் வேண்டாம். முதல் வருஷமே கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, தனக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, “இதற்கு எந்தெந்தப் பேப்பர் உதவும், சார்?” என்று கேட்டால் போதும். நான்-மேஜர் எலெக்டிவுக்குப் பெயர் கொடுக்கும் தேதிக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.