பர்வதியின் படிகள் காத்திருக்கின்றன

"தேகப்பயிற்சியா? அதற்கெல்லாம் நேரம் ஏது, சார்?"

கட்கியிலோ தேஹூரோடிலோ நம்மவரைக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், லோக்கலைப் பிடிக்க வேண்டும். மாலையில் வீடு திரும்பினால் உடம்பு கட்டிலைத் தேடுகிறது. பொய்யில்லை. ஆனால் நாளெல்லாம் நாற்காலியில் இருந்தவருக்குக் களைத்தது மனம்தான். கால்கள் வேலையே செய்யவில்லை.

லண்டனில் டாக்டர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953ல் முடிவை வெளியிட்டார்கள். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகமாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ரோடு! (டிரைவர்களின் கால்சட்டை அளவும் பெரிது என்று பிறகு தெரியவந்தது. ஆகவே பழி முழுவதையும் இருக்கையின் மேல் போட முடியாது.)

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னைச் செய்தி. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உணவில் கட்டுப்பாடு. உட்கார்ந்தே வேலை செய்பவர்களானால் தினம் அரை மணி வேக நடையும் உண்டு. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. இந்தப் பிரிவில் 39 பேருக்குத்தான். மாத்திரை ஒன்றும் இல்லாமலே 16 பேர் தப்பினார்கள்!

புனேயில் நடக்க இடமா இல்லை? பேஷ்வா நானாசாகேப் காலத்துப் பர்வதி கோயிலுக்கு 103 படிகள். அகலமானவை. விடியும் முன்பே மராட்டியப் பெரியவர்கள் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் இறங்கி மறுபடியும் ஏறுகிறார்கள். பழநி மலையையே ஏறி வந்த நம்மவர்களுக்கு இது எம்மாத்திரம்!

முதல் நாளே உச்சியைத் தொட வேண்டியதில்லை. பாதிப் படியில் உட்காரலாம், வெட்கமில்லை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்ப்பதே முறை. வாரநாளில் மலைக்குப் போக முடியாதவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கலாம். ஆபீஸில் லிப்டை மறக்கலாம். தனியாகப் போனால் நாலாம் நாள் போர்வை இழுக்கும்; பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால், அவர் கதவைத் தட்டுவார்.

ஸ்வார்கேட்டில் இறங்கினால் பர்வதி அடிவாரம் நடந்து போகிற தூரம்தான்.