தாயின் ரத்தம் தரும் முன்னெச்சரிக்கை

புதுதில்லி: பேறுகால மரணம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால், அமைச்சரின் பதில் பெரும்பாலும் ஒரு புள்ளிவிவரத்துடன் தொடங்கும். மாதிரிப் பதிவு ஆய்வின்படி, ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2001-03-இல் 301 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. முன்னேற்றம்தான். ஆனால், அதே ஆய்வில் கேரளத்தின் எண்ணிக்கை 19. அசாமின் எண்ணிக்கை 195.

இந்த மரணங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் உயரும் 'பிரீ-எக்லாம்ப்சியா'. முற்றினால் வலிப்பு ஏற்படும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சிக் காரணி ஒன்று, தாயின் ரத்த நாளங்களைச் சீராக வைத்திருக்கிறது. இயல்பான கர்ப்பத்தில் இது ஏழு, எட்டாம் மாதம் வரை உயர்ந்து, பிறகு குறையும். நோய் வரவிருக்கும் பெண்களிடம் தொடக்கத்திலிருந்தே இது குறைவாக இருக்கும். இக்காரணியைச் செயலிழக்கச் செய்யும் 'எஸ்.ஃப்ளிட்-1' என்ற புரதமோ, நோய் வெளிப்படுவதற்குச் சுமார் ஐந்து வாரங்கள் முன்பே பெருகத் தொடங்கிவிடும். இப்புரதத்தின் பங்கை 2003-இல் வெளிப்படுத்திய பாஸ்டன் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் அனந்த் கருமாஞ்சி.

இவ்விரண்டின் விகிதம் 38-க்கு மேற்படாவிட்டால், நோய் உள்ளதோ எனச் சந்தேகிக்கப்படும் பெண்ணுக்கு அடுத்த ஒரு வாரத்துக்கு அச்சமில்லை எனலாம் என்று 2016-இல் பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. விகிதம் கூடினால் நோய் உறுதி என்று பொருளல்ல. தீவிரக் கண்காணிப்பு தேவை. இத்தகைய பரிசோதனைக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது.

இந்தியாவில் 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் அதில் அடக்கம். இவை நோய் தலைகாட்டிய பிறகே அறிவிக்கும். எனினும் அவற்றைத் தவறாமல் செய்தாலே பல உயிர்கள் பிழைக்கும்; வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் மக்னீசியம் சல்பேட் மருந்தும் விலை மலிவானதே.

புதிய பரிசோதனைக்குச் செலவு அதிகம். ஆனால், யாரை உடனே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், யார் வீட்டிலேயே இருக்கலாம் என்ற கேள்வி கடுமையாக எழுவது நகரங்களில் அல்ல. ஆற்றைக் கடந்து ஆம்புலன்ஸ் வரவேண்டிய கிராமங்களில்தான். சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று மத்திய அரசும், நிதி மத்திய அரசிடம் என்று மாநிலங்களும் கைகாட்டிக் கொண்டிருக்கும்வரை, அந்த எச்சரிக்கை அக்கிராமங்களை எட்டப் போவதில்லை.