வினாத்தாளில் 15 மொழிகள்; தரவரிசைக்கு ஆங்கிலம்: மட்டாஞ்சேரி உணர்த்தும் உண்மை

கொச்சி: மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கான போட்டித் தேர்வுகள் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்தப்படத் தொடங்கிவிட்டன. ஆயினும், தரவரிசைப் பட்டியலில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைப் பெருமளவுக்கு இன்னமும் ஆங்கில இலக்கணமே தீர்மானிக்கிறது. பல தாய்மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிக்கும் கொச்சியின் மட்டாஞ்சேரியை முன்வைத்துப் பார்த்தால் இந்த முரண்பாடு தெளிவாக விளங்கும்.

மட்டாஞ்சேரியின் மொழிகள்:

மிளகு, இஞ்சி, ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்தது மட்டாஞ்சேரி. போர்ச்சுக்கீசியரின் கெடுபிடிகளுக்கு அஞ்சிக் கோவாவிலிருந்து குடிபெயர்ந்த கொங்கணி மக்கள், வணிகத்துக்காக வந்த குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கினி உருது பேசுவோர், தமிழர், கன்னடர், தெலுங்கர், மராத்தியர் என இங்கு குடியேறிய சமூகங்கள் பல. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இம்மொழிகளில் பெரும்பாலானவை இன்று மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) வினாத்தாளில் இடம்பெற்றுள்ளன. பல்பணி ஊழியர் (எம்.டி.எஸ்.) பணிக்கான 2022-ஆம் ஆண்டுத் தேர்வு, ஹிந்தி, ஆங்கிலம் தவிர 13 மொழிகளிலும் நடத்தப்படும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. அந்த 13-இல் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, உருது, மராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகிய எட்டும் அடங்கும். ஆக, மட்டாஞ்சேரியின் தெருக்களில் பேசப்படும் மொழிகள் கணினித் திரைக்கு வந்துவிட்டன. ஆனால், ஒரு பகுதி மட்டும் யாருக்கும் மொழிபெயர்க்கப்படுவதில்லை. அதுவே ஆங்கிலப் பகுதி.

மதிப்பெண் கணக்கு:

பல்பணி ஊழியர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே கல்வித் தகுதி. இதற்கான கணினித் தேர்வு இரு அமர்வுகளாக நடத்தப்படுகிறது. முதல் அமர்வில் கணிதமும் பகுத்தறியும் திறனும் சோதிக்கப்படுகின்றன. இதில் தகுதி பெற்றால் போதும். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. இரண்டாம் அமர்வில் பொது அறிவுக்கு 25 வினாக்கள், 75 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், 75 மதிப்பெண். தரவரிசை இவ்விரண்டின் கூட்டுத்தொகையைக் கொண்டே அமைகிறது. அதாவது, கோப்புகளை எடுத்துச் செல்வதும் அலுவலகத்தைப் பராமரிப்பதும் முதன்மைக் கடமையாக உள்ள பணிக்கு, தரவரிசை மதிப்பெண்ணில் சரிபாதி ஆங்கிலத்திலிருந்து வருகிறது. இந்த அமர்வில் ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

துணை ராணுவப் படைகளின் காவலர் தேர்வு மற்றொரு கேள்வியை எழுப்புகிறது. சி.ஆர்.பி.எஃப். தேர்வைத் தமிழிலும் நடத்த வேண்டும் என 2023 ஏப்ரலில் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில் உள்துறை அமைச்சகம் 13 மாநில மொழிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி தொடங்கிய தேர்வு அவ்வாறே நடத்தப்பட்டது. எனினும், 160 மதிப்பெண்களில் 40 மதிப்பெண்ணுக்கான மொழிப் பகுதியில் 'ஆங்கிலம் அல்லது ஹிந்தி' என்ற தேர்வு மட்டுமே உண்டு. ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் தன் சொந்த மொழியின் இலக்கணத்தில் சோதிக்கப்படுகிறார். தமிழரும் மலையாளியும் கொங்கணியரும் இரு அயல்மொழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

பொதுத்துறை வங்கி எழுத்தர் பணியிலும் இதே நிலைதான். 12 வங்கிகளின் எழுத்தர் தேர்வுகளை 13 மாநில மொழிகளிலும் நடத்த 2021 செப்டம்பரில் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. முதல்நிலைத் தேர்வின் 100 வினாக்களில் 30 ஆங்கிலத்துக்கு உரியவை. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றாக வேண்டும். கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவரும் ஆங்கிலத்தில் சறுக்கினால் வெளியேற வேண்டியதுதான்.

எங்கே இடறுகிறது?

பிழையான இடத்தைக் கண்டறிதல், கோடிட்ட இடத்தை நிரப்புதல், ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், செய்வினை - செயப்பாட்டுவினை மாற்றம், நேர்கூற்று - அயற்கூற்று மாற்றம், பத்தியைப் படித்து விடையளித்தல் ஆகியவையே இத்தகைய தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் வினா வகைகள். ரென், மார்ட்டின் இருவரும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் எழுதிய இலக்கண நூல் இன்றும் இதற்கான பயிற்சியில் பயன்படுத்தப்படுகிறது.

இத்தேர்வுகளில் மாணவர் செய்யும் பிழைகள் பல கவனக்குறைவால் நேர்பவை அல்ல. தாய்மொழியின் அமைப்பிலிருந்தே பிறப்பவை. 'அவன் போகிறான்', 'அவர்கள் போகிறார்கள்' எனத் தமிழில் வினைமுற்று எழுவாய்க்கேற்ப மாறும். மலையாளத்தில் மாறாது, 'போகுன்னு' என்ற ஒரே வடிவம் எல்லோருக்கும் பொருந்தும். எனவே 'ஹி கோஸ்', 'தே கோ' என்ற வேறுபாடு மலையாள மாணவருக்குத் தனிப் பயிற்சியின்றிக் கைவராது. 'ஏ', 'ஆன்', 'தி' என்ற சுட்டுச் சொற்களுக்கு நிகரான முறை தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை.

தமிழ் மாணவரின் சிக்கல் வேறு வகையானது. 'மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன்' என்பது பிழையற்ற தமிழ், நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ அங்கு 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' என்ற வடிவத்தைக் கோருகிறது. 'காலை முதல்' என்றால் 'சின்ஸ்', 'இரண்டு மணி நேரமாக' என்றால் 'ஃபார்' எனப் பிரித்தறிய வேண்டும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் வழக்கு, 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபௌட்' சேர்க்கத் தூண்டுகிறது; பிழை கண்டறியும் வினாக்களில் இது எதிர்பார்க்கத்தக்க பொறி. 'ஒன் ஆஃப் தி' என்பதை அடுத்துப் பெயர்ச்சொல் பன்மையிலும் வினை ஒருமையிலும் வர வேண்டும் என்ற விதியும் அத்தகையதே.

விதிகளை மனப்பாடம் செய்வதால் மட்டும் இவை நீங்குவதில்லை. தன் மொழி எவ்வாறு இயங்குகிறது, ஆங்கிலம் எங்கே விலகுகிறது என்று ஒப்பிட்டுக் கற்பவர் ஒரே பிழையை மீண்டும் செய்வது குறையும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் தாம் தவறவிட்டவற்றை வகைப்படுத்தித் தனி ஏட்டில் குறித்து வைப்பதும், நாள்தோறும் ஆங்கில நாளிதழின் ஒரு கட்டுரையையாவது ஊன்றிப் படிப்பதும் செலவில்லாத பயிற்சிகள். ஆனால் ஒப்பிட்டுக் கற்பிக்க இரு மொழியும் அறிந்த ஆசிரியர் தேவை. ஆங்கிலவழிப் பள்ளிக்கும் தனிப் பயிற்சிக்கும் பணம் கட்ட முடிந்த வீட்டின் பிள்ளை இந்தப் போட்டியில் முன்கூட்டியே சில படிகள் ஏறி நிற்கிறது.

இதில் ஒரு வரலாற்று விநோதமும் உண்டு. 'காயர்', 'காப்ரா', 'டீக்', 'பீட்டல்', 'மேங்கோ' ஆகிய ஆங்கிலச் சொற்கள் கயிறு, கொப்பரை, தேக்கு, வெற்றிலை, மாங்காய் ஆகியவற்றுக்கான மலபார்க் கரையின் சொற்களிலிருந்து, பெரும்பாலும் போர்ச்சுக்கீசியர் வழியாகச் சென்றவை. இக்கரைத் துறைமுகங்களின் சொற்களைக் கடன் பெற்று வளர்ந்த மொழி, இன்று இங்குள்ள இளைஞர்களைத் தரம் பிரிக்கும் கருவியாகியுள்ளது.

கேடயமும் சல்லடையும்:

ஆங்கிலம் வேண்டாம் என்பது தமிழகத்தின் நிலைப்பாடாக என்றும் இருந்ததில்லை. 1965-இல் நடந்த ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம், ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்றே கோரியது. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு 1968 ஜனவரியில் வெளியிடப்பட்ட ஆட்சிமொழித் தீர்மானம், மத்தியப் பணிகளில் சேர்வதற்கு ஹிந்தி அல்லது ஆங்கில அறிவு போதும் என்றது. உயர் பணித் தேர்வுகளை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் எழுத வழிவகை செய்ய வேண்டும் என்றும் கூறியது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் குடிமைப் பணி முதன்மைத் தேர்வை அம்மொழிகளில் எழுத முடிந்தது. அன்று கேடயமாகக் கேட்டுப் பெற்ற ஆங்கிலம், தாய்மொழிவழிப் பயின்ற ஏழை மாணவருக்கு இன்று சல்லடையாக மாறியிருப்பதே புதிய சிக்கல்.

இதை மாற்ற முடியாது என்பதற்கில்லை. குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்க்கும் திட்டம் 2013 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளை எதிர்த்து 2014-இல் தில்லி முகர்ஜி நகர் மாணவர்கள் தெருவில் இறங்கினர். அதிலுள்ள ஆங்கில வினாக்களின் மதிப்பெண் தரவரிசையில் சேராது என்று அந்த ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. மறு ஆண்டு, அந்தத் தாளில் 33 சதவீதம் பெற்றால் போதும் என்றானது. ரயில்வேயின் 'குரூப் டி' தேர்வு அறிவியல், கணிதம், பகுத்தறியும் திறன், பொது அறிவு ஆகியவற்றோடு முடிகிறது; அதில் மொழித் தாளே கிடையாது.

ஆக, மாவட்ட ஆட்சியர் ஆகவிருப்பவர் முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 25 சதவீதம் பெற்றால் போதும். அது தரவரிசையில் சேராது. அலுவலகப் பல்பணி ஊழியருக்கோ தரவரிசையில் பாதி ஆங்கிலம். இந்த ஏற்பாட்டுக்கு என்ன நியாயம் கூற முடியும்?

பல மாநிலங்களில் பணிபுரிய நேரும் ஊழியருக்கு ஒரு பொதுமொழி தேவை என்ற வாதத்தில் பொருள் உண்டு. அந்தத் தேவையை, குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணைக் கொண்டு உறுதிசெய்து, பணியில் சேர்ந்த பின் பயிற்சியும் அளிக்கலாம். தரவரிசையையே அதன் பிடியில் விடுவது வேறு செயல்.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் 'சாப்பா' முறை நிலவியது. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முட்டிமோதிப் பொறுக்கியவருக்கே அன்றைய வேலை. அம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேலை வழங்கும் முறை நியாயமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. இன்றைய தேர்வுகள் அந்த முறையைவிடப் பல மடங்கு நேர்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், 13 மொழிகளுக்கு வினாத்தாளில் இடமளித்த அரசு, அம்மொழிகளில் பயின்றவர்களுக்குத் தரவரிசையிலும் சம வாய்ப்பு அளிக்கும்போதுதான் அந்தச் சீர்திருத்தம் முழுமை பெறும். மொழிப் பகுதியைத் தகுதித் தேர்வாக மட்டும் மாற்றக் கோருவது, நாடாளுமன்றத்தில் தமிழகமும் கேரளமும் கட்சி வேறுபாடின்றி இணைந்து எழுப்பத்தக்க கோரிக்கையாகும்.