உங்கள் பணம்... உங்கள் கைத்தொலைபேசி... ஆனால் கதவு ஏன் திறக்கவில்லை?

இந்த வாரம் நம் அரங்கத்தில் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வங்கிச் செயலி.

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் போனால் மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை எங்கும் 'டூயிட்நவ்' கியூஆர் அட்டையைப் பார்க்கலாம். பணப்பை இல்லாமல் வெளியே போகிறவர்கள் கூட கைத்தொலைபேசி இல்லாமல் போவதில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஒருநாள் காலையில் வங்கிச் செயலியைத் திறந்தால், "உங்கள் கருவியில் பாதுகாப்பு அபாயம் உள்ளது" என்று ஒரு வரி மட்டும் வந்து மூடிக்கொள்கிறது. சம்பளம் உள்ளே இருக்கிறது, நாம் வெளியே நிற்கிறோம்! இது ஏன் நடக்கிறது?

முதலில் வங்கியின் பக்கத்தைக் கேட்போம். 2022 ஏப்ரலில் 'ஈசெட்' என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. வீடு துப்புரவு செய்து தருவதாகப் போலி அகப்பக்கங்கள். பதிவு செய்ய ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள். பணம் கட்டும் இடத்தில் போலி எஃப்பிஎக்ஸ் பக்கம் வரும். அங்கே நாம் தட்டும் கடவுச்சொல் திருடனுக்குப் போய்விடும். குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணையும் அந்தச் செயலியே அவனுக்கு அனுப்பிவிடும். மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க், பிஎஸ்என் உட்பட எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் இதற்குக் குறிவைக்கப்பட்டார்கள். பிறகு திருமண அழைப்பிதழ் என்ற பெயரிலும் இதே போன்ற 'ஏபிகே' கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன.

அதே 2022 செப்டம்பரில், பேங்க் நெகாராவின் அப்போதைய ஆளுநர் டான்ஸ்ரீ நோர் ஷம்சியா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தார். குறுஞ்செய்தி எண்ணுக்குப் பதிலாக வேறு பாதுகாப்பான முறை, ஒருவருக்கு ஒரே கருவி, புதிய கருவியைப் பதிந்தால் சில மணி நேரக் காத்திருப்பு ஆகியவை அவற்றில் அடங்கும். ஆக, கைத்தொலைபேசியே வங்கிப் பெட்டகத்தின் சாவி ஆகிவிட்டது. சாவி கள்ளன் கையில் இருக்கிறதா என்று பெட்டகம் சோதிக்கத்தானே செய்யும்?

சரி, செயலி எதையெல்லாம் சோதிக்கிறது? ஒன்று, கைத்தொலைபேசியின் பூட்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஆண்ட்ராய்டில் இதை 'ரூட்' என்றும், ஐபோனில் 'ஜெயில்பிரேக்' என்றும் சொல்வார்கள். இரண்டு, கூகல் பிளே போன்ற முறையான கடைக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றப்பட்டிருக்கிறதா என்பது. மூன்று, திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் வல்ல 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி எந்தச் செயலிக்குத் தரப்பட்டிருக்கிறது என்பது. நான்கு, 'டெவலப்பர்' அமைப்பு திறந்து கிடக்கிறதா, மென்பொருள் மிகப் பழையதா என்பது. எல்லா வங்கியும் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. அதனால்தான் ஒரே கைத்தொலைபேசியில் ஒரு வங்கி திறக்கிறது, இன்னொன்று மறுக்கிறது.

இப்போது பொதுமக்கள் பக்கம் வருவோம். 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கி இத்தகைய சோதனையைக் கொண்டுவந்தபோது, நியாயமான செயலிகளையும் ஆபத்து என்று தடுப்பதாக வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். அந்தப் புகாரில் நியாயம் உண்டு. கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவதே அந்த 'ஆக்சசிபிலிட்டி' வசதிதான். திருடன் பயன்படுத்துகிறான் என்பதற்காக அவர்களின் ஊன்றுகோலைப் பிடுங்க முடியுமா? 1926இல் தொடங்கிய செயிண்ட் நிக்கலஸ் இல்லம் பார்வையற்றோருக்குச் சேவை செய்துவரும் ஊர் நம் பினாங்கு. இந்தக் கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

பிள்ளைகள் கொடுத்த பழைய கைத்தொலைபேசியை வைத்திருக்கும் தாத்தா, பாட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். மென்பொருள் பழையது என்றால் செயலி மறுக்கும். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. புதுக் கைத்தொலைபேசி வாங்க வசதி இல்லை, அவ்வளவுதான். வங்கிகள் பூட்டைப் பலப்படுத்தட்டும். ஆனால் எந்தச் செயலியால் தடை, எப்படிச் சரிசெய்வது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழிலும் சொன்னால் இன்னும் நல்லது. முகப்பிடச் சேவையும் ஏடிஎம் இயந்திரமும் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு கதவை மூடும்போது இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டாமா?

அதுவரை நாம் செய்ய வேண்டியவை இவை:

* தடைச் செய்தி வந்தால் பதறாதீர்கள். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.
* வாட்ஸ்அப் வழி வந்து ஏற்றிய செயலிகளை நீக்குங்கள். 'டெவலப்பர்' அமைப்பை மூடுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள்.
* "சோதனையை ஏமாற்றித் திறந்து தருகிறேன்" என்று யார் சொன்னாலும் கைத்தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். வங்கிச் செயலியை வேறு இடத்திலிருந்து பதிவிறக்கவும் வேண்டாம். அதுதான் திருடனுக்கு நேர்வழி.
* பழைய கைத்தொலைபேசியை மாற்றும் முன் புதியதில் வங்கியைப் பதிந்துவிடுங்கள். காத்திருப்பு நேரம் உண்டு. அன்றைக்கே வாடகை கட்ட வேண்டும் என்றால் சிக்கல்தான்.
* கையில் கொஞ்சம் ரொக்கமும் ஏடிஎம் அட்டையும் எப்போதும் இருக்கட்டும்.
* பணம் பறிபோனது தெரிந்தால் உடனே வங்கிக்கோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் கை மாறும் முன் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

செயலி மறுத்தால் ஒரு நாள் அலைச்சல். மறுக்காமல் திருடனுக்குத் திறந்துவிட்டால் ஒரு ஆயுள் சேமிப்பு போய்விடும். அந்தச் சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்லவனையும் கள்ளனையும் பிரித்துப் பார்க்கும் சோதனையாக அது இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். இன்று மாலை வீட்டில் பெரியவர்களின் கைத்தொலைபேசியை வாங்கி, ஐந்து நிமிடம் இவற்றைச் சரிபார்த்துக் கொடுங்களேன்!