சங்கச் செய்தியும் சண்டை நிறுத்தமும்

ஜூலை பிறந்துவிட்டால் என் செல்போனுக்கு ஓய்வு கிடையாது. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களுக்கு ஆண்டுக்கணக்கு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகிறது. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியேற்பெல்லாம் அந்த மாதத்தில்தான். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் குடியிருந்துகொண்டு நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக இருப்பவன் நான். விபத்து, ஜல்லிக்கட்டு, தேரோட்டம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அதிகம் எழுதிக் குவித்தது சங்கச் செய்திதான்.

அதற்கென்று ஒரு வாய்பாடு உண்டு. தலைமை வகித்தார், முன்னிலை வகித்தார், வாழ்த்திப் பேசினார், நன்றி கூறினார். நடுவில் ஒரு வரியில் என்ன கொடுத்தார்கள் என்பது வரும்: தையல் இயந்திரம், நோட்டுப் புத்தகம், மூக்குக் கண்ணாடி, மரக்கன்று. ஒரு பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலைக் காபிக்கு முன்னால் போன் வரும். "மாவட்ட ஆளுநர் வருகை" என்று எழுதி அனுப்பினால், டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பையன் "கிண்டி கவர்னரா சார்?" என்று பதறுவான். இது சங்கத்து ஆளுநர் தம்பி, பல மாவட்டங்களின் சங்கங்களுக்கு ஓராண்டுப் பொறுப்பாளர் என்று ஆண்டுதோறும் யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டங்களில் கடைசியாகப் பேசுகிற யாராவது ஒருவர் உலக சமாதானத்தைத் தொடாமல் மைக்கை விடமாட்டார். பந்திக்கு நேரமாகிவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது காதில் விழாது. நானும் அதைச் செய்தியில் சேர்த்ததில்லை. "கண்ணாடி கொடுக்கிறதுக்கும் உலக சமாதானத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று மியூசியத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இந்தச் சங்கங்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையல் தொழில் செய்தவர் ஒருவர் என நான்கு பேர் கூடியதிலிருந்து ரோட்டரி தொடங்குகிறது. 1917-இல் அதே ஊரில் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர் முயற்சியில் லயன்ஸ் சங்கம் வந்தது. நம்மூரில் அரிமா சங்கம் என்கிறோம். 1920 வாக்கில் கல்கத்தாவுக்கு வந்துவிட்ட ரோட்டரி, 1929-இல் சென்னையிலும் கொழும்பிலும் ஒரே ஆண்டில் கால் பதித்தது.

ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது ரோட்டரியின் பழைய விதி. சங்கக் கூட்டத்தில் கட்சி அரசியலும் மத விவாதமும் கூடாது என்பது லயன்ஸின் நோக்கங்களில் எழுதியே வைத்திருக்கும் விதி. இதனால் என்ன ஆகும்? வேறெங்கும் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாத ஜவுளிக்கடைக்காரரும் பல் மருத்துவரும் எதிரெதிர் கட்சிக்கு வழக்காடும் வக்கீல்களும் மாதம் சில தடவை ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். சங்கத்தின் பலம் இந்தப் பழக்கம்தான். பலவீனமும் இதிலிருந்தே வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சு இவர்களுக்குப் புதிதல்ல. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சாசனம் எழுதியபோது, ஆலோசனை சொல்ல 42 அமைப்புகளை அமெரிக்க அரசு அழைத்தது. ரோட்டரியும் லயன்ஸும் அவற்றில் இருந்தன. அரசாங்கம் அல்லாத அமைப்புகளை ஐ.நா. கலந்தாலோசிக்கலாம் என்று வழிவிட்ட 71-ஆவது பிரிவு அந்தச் சாசனத்தில்தான் வந்தது. பொருளாதார, சமூக ஒத்துழைப்பு குறித்த பகுதியை வகுத்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? இந்தியத் தூதுக்குழுவை நடத்திச் சென்ற ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' ஏட்டுக்கு ஆசிரியராக இருந்தவர், பிறகு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் ஆனார்.

சாசனத்தில் பெயர் வாங்குவது ஒன்று, துப்பாக்கிக்கு நடுவில் வேலை செய்வது வேறு. அதற்குப் போலியோ சொட்டு மருந்து வழி செய்தது. 1985-இல் எல் சால்வடோர் நாட்டில் அரசுப் படைக்கும் கெரில்லாக்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதற்காக மட்டும் மூன்று நாள் சண்டையை நிறுத்தச் சொல்லி யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் இரு தரப்பிடமும் பேசின. நின்றது. அதே ஆண்டில்தான் உலகிலிருந்தே போலியோவை ஒழிப்பது என்று ரோட்டரி பெரும் திட்டத்தை அறிவித்தது.

பத்தாண்டு கழித்து இலங்கை. 1995-இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் பேச்சு முறிந்து மறுபடியும் போர் மூண்டது. வடக்கே மின்சாரம் இல்லை, எரிபொருள் போவதற்குக் கட்டுப்பாடு. இந்த நிலையில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து என்றால் சாதாரண காரியமா?

ஒரே நாள் என்று ஏன் அடம் பிடிக்கிறார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். போலியோ கிருமி மனிதக் குடலில் தங்கிப் பெருகி, அசுத்தமான நீர், கை வழியாக அடுத்த குழந்தைக்குப் போகும். ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து போய்ச் சேர்ந்தால் கிருமிக்குத் தங்க இடமில்லாமல் போகிறது. சில வாரம் விட்டு இன்னொரு சுற்று. ஏதோ ஒரு மூலையில் ஆயிரம் குழந்தைகள் விடுபட்டாலும் அங்கிருந்து மறுபடி கிளம்பிவிடும். எனவே கொழும்புக் குழந்தை தப்பிக்க வேண்டுமானால் கிளிநொச்சிக் குழந்தைக்கும் மருந்து போக வேண்டும். ராணுவத்துக்கு இது தெரியும், புலிகளுக்கும் தெரியும். இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை துளியும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இருவர் நலமும் ஒன்றாக இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். இலங்கை ரோட்டரியின் போலியோ குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கொழும்புச் சங்கத்தைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன். தேயிலைக்கான அச்சு, பொதி வேலை செய்யும் நிறுவனம் நடத்துகிறவர். அரசு, யுனிசெஃப், ரோட்டரி மூன்றும் சேர்ந்த பணிக்குழு ஒன்று அமைந்தது. யுனிசெஃபோடு நெருக்கமாக இருந்து, தடுப்பு மருந்து நாள்களில் மட்டும் வடக்கில் சண்டை நிறுத்தம் கிடைக்க அவர் உழைத்தார். கிடைத்தது. இந்த நாள்களுக்கு உலக வழக்கில் 'அமைதி நாள்கள்' என்று பெயர். இரு பக்கமும் துப்பாக்கியைத் தாழ்த்த, பனிக்கட்டிப் பொதி வைத்த பெட்டியில் மருந்து சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போனது. 1993-க்குப் பிறகு இலங்கையில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. ரவீந்திரன் 2015-16-இல் ரோட்டரியின் உலகத் தலைவரானார். இலங்கையிலிருந்து அந்தப் பதவிக்குப் போன முதல் ஆள்.

இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மருந்து கொடுத்து முடிந்ததும் சண்டை தொடர்ந்தது. 2009 மே மாதம்வரை நடந்த கொடுமையை அந்த அமைதி நாள்கள் தடுக்கவில்லை. அங்கிருந்து அலை அலையாக வந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "சங்கத்துக்காரர்கள் சமாதானம் கொண்டுவந்தார்கள்" என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஓரிரு நாளில் மருந்து குடித்த குழந்தைகள் இன்று இரண்டு கால்களால் நடக்கும் பெரியவர்கள். பெரிய உடன்படிக்கைக்குக் காத்திராமல் இரு தரப்புக்கும் தேவையான சின்ன வேலை ஒன்றை எடுத்துக்கொண்டதால் நடந்தது அது.

இந்தியாவில் இயற்கையான கிருமியால் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. சொட்டு மருந்து ஞாயிறுகளில் நம்மூர் அங்கன்வாடி வாசலில் மஞ்சள் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொண்டு பந்தல் போட்டவர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு டீயும் டிபனும் வாங்கிக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் சங்கத்துக்காரர்கள்தான். அதையும் "தொடங்கி வைத்தார்" என்ற ஒரு வரியில்தான் எழுதி முடித்தேன்.

இப்போது அந்தப் பலவீனத்துக்கு வருகிறேன். சர்ச்சை வேண்டாம், சிநேகம் போதும் என்று இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியின் ரோட்டரி சங்கங்கள் பல, எப்படியாவது பிழைத்துக்கிடப்போம் என்று யூத உறுப்பினர்களை வெளியேற்றின. மியூனிக் சங்கம், நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் தாமஸ் மன் பெயரையே நீக்கியது. அப்படியும் தப்பவில்லை, 1937-இல் ஜெர்மனியில் ரோட்டரியே கலைக்கப்பட்டது. அநியாயத்தின் முன்னால் வாயை மூடிக்கொள்ளும் சிநேகத்தைச் சமாதானம் என்று சொல்லிவிட முடியாது. பெண்களைச் சேர்த்துக்கொள்வதற்குக்கூட லயன்ஸுக்கு 1987-உம், ரோட்டரிக்கு 1989-உம் ஆக வேண்டியிருந்தது.

இன்று சமாதானத்துக்கென்று இவர்கள் நேரடியாகச் செய்வதில் இரண்டைச் சாதாரணக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, லயன்ஸ் நடத்தும் சமாதான ஓவியப் போட்டி. 1988-இலிருந்து நடக்கிறது. 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். உள்ளூர் லயன்ஸ் சங்கம் ஒன்று பள்ளிக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கொரு தலைப்பு. படத்தில் எழுத்தோ எண்ணோ இருக்கக் கூடாது என்பது விதி. எந்த மொழிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? நம் பிள்ளைகள் பெரும்பாலும் புறாவும் பூமி உருண்டையும் வரைகிறார்கள், பாவம், பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பது அவ்வளவுதான். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகக் கட்டுரைப் போட்டி உண்டு.

இரண்டாவது, ரோட்டரியின் சமாதானப் படிப்பு. 2002-இலிருந்து உலகின் சில பல்கலைக்கழகங்களில் ரோட்டரி முழுச் செலவையும் ஏற்று, பூசல் தீர்க்கும் கலையில் ஆள்களைப் பயிற்றுவிக்கிறது. சுவீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, உகாண்டாவின் மகெரேரே போன்றவை அதில் உள்ளன. புனேயின் சிம்பயாசிஸும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. முதுகலைப் படிப்பும் உண்டு, வேலையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. களப்பணி அனுபவம் கேட்பார்கள். சுவையான விஷயம் என்னவென்றால், ரோட்டரி உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே, சங்கத்தில் நமக்கு ஆள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, நம் மாவட்டத்துச் சங்கங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நம்முடையவை. அங்கிருந்து போகும் விசைப்படகுக்காரர்களை இலங்கைக் கடற்படை பிடிப்பதும், படகு அங்கேயே கிடந்து மக்குவதும், இங்கே பெண்கள் சாலையில் உட்காருவதும் நான் எழுதி எழுதி அலுத்த செய்தி. எதிர்க்கரையிலும் தமிழ் பேசும் மீனவர்தான். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் இருந்தவர்கள். இப்போது தங்கள் வலையை நம் இழுவை மடி அறுக்கிறது என்று குமுறுகிறார்கள். இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசினார்கள். அது முழுசாய்க் கரை சேரவில்லை.

ரோட்டரியின் உலக நிதியில் ஒரு விதி இருக்கிறது. திட்டம் குறைந்தது 30,000 டாலருக்கு இருக்க வேண்டும். நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும் வேறு நாட்டில் ஒரு சங்கமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். சமாதான முயற்சியும் பூசல் தடுப்பும் அந்த நிதி ஏற்கும் ஏழு துறைகளில் ஒன்று. புதுக்கோட்டையில் சங்கம் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. கச்சத்தீவையும் எல்லைக்கோட்டையும் டில்லியும் கொழும்பும் பார்த்துக்கொள்ளட்டும். அறுந்த வலைக்கு ஈடு கொடுக்கப் பொது நிதி, இழுவை மடியை விட்டு வேறு தொழிலுக்கு வர நினைப்பவருக்குப் பயிற்சி, பிடிபட்டவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு, கடலில் தத்தளிப்பவரை எந்தக் கரைக்காரர் பார்த்தாலும் காப்பாற்ற ஒரு தகவல் ஏற்பாடு. இரு தரப்புக்கும் வேண்டிய சின்ன வேலைகள் இத்தனை இருக்கின்றன. முதல் கூட்டத்தில் சத்தம்தான் அதிகம் வரும். வரட்டும். துப்பாக்கி ஏந்தியவர்களிடமே பேசி நாள் குறிக்க முடிந்தது என்றால், வலை வீசுகிறவர்களிடம் முடியாதா? வரும் ஜூலையில் பதவியேற்கும் தலைவர்களிடம், இந்த ஆண்டு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. யாரை யாரோடு உட்கார வைக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.