ஆய்வு என்றால் என்ன? மலையகத்திலிருந்து நான்கு உதாரணங்கள்



பாடசாலையில் செயற்றிட்டம் ஒன்று தரப்பட்டதும் உங்களில் பலர் செய்யும் முதல் வேலை, அண்ணனோ அக்காவோ முன்பு எழுதிய கொப்பியைத் தேடுவதாகும். "எமது தோட்டத்தின் வரலாறு" என்ற தலைப்பில் பத்துப் பேர் எழுதினால் பத்தும் ஒன்றாகவே இருக்கும். இது பிரதி எடுத்தல், ஆய்வு அன்று.

ஆய்வு என்பது விடை தெரியாத ஒரு வினாவை எழுப்பி, அதற்குச் சான்று தேடி, கிடைத்த விடையைச் சோதித்து, பிறரும் சரிபார்க்கக்கூடிய முறையில் பதிவு செய்வதாகும். வினா, சான்று, சோதனை, பதிவு ஆகிய நான்கும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. சான்று தேடும் முறையே துறைக்குத் துறை வேறுபடுகிறது. இதனை நமது மலையகத்தோடு தொடர்புடைய உதாரணங்கள் மூலம் நோக்குவோம்.

1. விஞ்ஞான ஆய்வு

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் கோப்பி பயிரிடப்பட்டது. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. இதுவே கோப்பித் துரு நோயாகும். இந்நோயை விரிவாக ஆராய்வதற்காக ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் 1880 இல் இலங்கைக்கு வந்தார். அவர் கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வருவது என்ன என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பங்கசின் வித்திகள் காற்றில் பரவி, இலைவாய்களின் ஊடாக இலைக்குள் நுழைகின்றன என்பதை நிறுவினார்.

விடை சரியானது. ஆனால் நோய் தோன்றிப் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. கோப்பி அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து திரும்பினர். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காகக் குடும்பங்கள் இங்கேயே தங்கின. நீங்கள் டயகமவில் பிறந்ததற்கும் அந்தப் பங்கசுக்கும் தொடர்பு உண்டு.

இனித் தேயிலையைப் பாருங்கள். 1946 இல் கொப்புள நோய் என்னும் இன்னொரு பங்கசு நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இம்முறை நிலைமை வேறு. 1925 இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்தது. செம்பு சேர்ந்த பங்கசு நாசினிகள் பரீட்சித்துப் பார்க்கப்பட்டன. வெயிலும் மழையும் இந்நோயை எவ்வாறு கூட்டிக் குறைக்கின்றன என்று விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1961 இல் வெளிவந்தது. வெயில் குறைந்த நாட்களில் நோய் கூடும் என்பது தெரிந்தால், எப்போது மருந்து தெளிக்க வேண்டும் என்பதைக் கணித்துவிடலாம் அல்லவா? கோப்பி அழிந்தது, தேயிலை தப்பியது. காலத்தோடு தேடியதும் அதற்கு ஒரு காரணமாகும்.

2. வர்த்தக ஆய்வு

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. ஏல விலைகள் உயர்நிலம், நடுநிலம், தாழ்நிலம் எனப் பிரித்துப் பதியப்படுகின்றன. 4000 அடிக்கு மேற்பட்ட டயகமத் தேயிலை உயர்நிலத் தேயிலையைச் சேரும். உயர்நிலத் தேயிலையே சுவையிலும் மணத்திலும் சிறந்தது என்று படித்திருப்பீர்கள். ஆயினும் தாழ்நிலத் தேயிலை பல ஆண்டுகளில் கூடிய சராசரி விலையைப் பெற்றுள்ளது. ஏன்? இது நல்லதோர் ஆய்வு வினா. இங்கு சான்று நுணுக்குக்காட்டியில் இல்லை. விலைப் பட்டியல்களில் உள்ளது. எந்த நாடு எந்த வகையை வாங்குகிறது என்று தேடினால், மத்திய கிழக்கு நாடுகளில் தாழ்நிலத் தேயிலைக்கு உள்ள கேள்வி தெரியவரும்.

கவனிக்க: இரண்டு விடயங்கள் ஒரே காலத்தில் நடந்தால் ஒன்று மற்றையதற்குக் காரணம் என்று உடனே எழுதக்கூடாது. விலை கூடிய வாரத்தில் டயகமவில் மழை பெய்திருக்கலாம். அதனால் மழைதான் விலையைக் கூட்டியது என்று ஆகிவிடாது.

3. சமய ஆய்வு

சமயத்தை ஆராய்பவர் ஒரு நம்பிக்கை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. மக்கள் எதை, எப்படி, ஏன் செய்கிறார்கள் என்றே கேட்கிறார். தமிழர் வழிபடும் கண்ணகி, சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வமாக வழிபடப்படுகிறாள். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர கிராமங்களுக்குச் சென்று சடங்குகளை நேரிற் கண்டும், சடங்குப் பாடல்களைத் திரட்டியும் பத்தினி வழிபாட்டை ஆராய்ந்தார். அவரது பெருநூல் 1984 இல் வெளிவந்தது.

நமது தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறுகிறது. மன்மதனைச் சிவன் எரித்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டுபவரை எவ்வாறு தெரிவு செய்கின்றனர்? பக்கத்துத் தோட்டத்திலும் அப்படித்தானா? இவ்வினாக்களுக்கு விடை எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காது. கூத்து மாஸ்டரிடமே கேட்க வேண்டும்.

4. மொழி ஆய்வு

தனிநாயகம் அடிகள், 1679 இல் அச்சிடப்பட்ட தமிழ் - போர்த்துக்கேய அகராதியை உரோமில் உள்ள வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து 1966 இல் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். அது நூலகத் தேடல். நமது சி. வி. வேலுப்பிள்ளை செய்ததோ லயத்துத் தேடல். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தோட்ட மக்கள் பாடிய பாடல்களைத் திரட்டினார். அவர் 1984 இல் காலமான பின்னர், "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற பெயரில் 1987 இல் அவை நூலாயின. எழுதப்படாதிருந்தால் பாடியவர்களோடு அவையும் போயிருக்கும்.

நீங்கள் தொடங்குவது எப்படி?

"பெரட்டு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். இச்சொல் "பரேட்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று நீங்கள் கருதலாம். இது முடிவு அன்று, கருதுகோள். இதனைச் சோதிக்கப் பின்வரும் படிகளைக் கைக்கொள்ளுங்கள்.

(அ) வயது முதிர்ந்த மூவரிடமாவது தனித்தனியே கேளுங்கள். ஒருவர் கூறியதை மற்றவருக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள்.
(ஆ) அவர் சம்மதித்தால் மட்டுமே பெயரை எழுதுங்கள். திகதியையும் இடத்தையும் தவறாது குறியுங்கள்.
(இ) அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் கருத்தைத் தனியாக எழுதுங்கள்.
(ஈ) பழைய அகராதி, நூல் என்பவற்றோடு ஒப்பிடுங்கள்.
(உ) கருதுகோளுக்கு எதிரான சான்று கிடைத்தால் மறைக்காதீர்கள். கருதுகோளை மாற்றுங்கள்.

நேரிற் கேட்டதும் கண்டதும் முதலாம் நிலை மூலாதாரம். பிறர் அவற்றைக் கொண்டு எழுதியது இரண்டாம் நிலை மூலாதாரம். இவ்வேறுபாட்டை வரலாறு பாடத்துக்காகவும் நினைவில் வைத்திருங்கள்.

இறுதியாக ஒன்று கூற விரும்புகிறேன். எனது அம்மாயி நிறையத் தாலாட்டுகள் பாடுவார். நான் பட்டப்படிப்பு முடித்து, நாட்டார் பாடல்களின் பெறுமதியை உணர்ந்து வந்தபோது அவர் உயிருடன் இல்லை. இரண்டு அடிகள் மட்டுமே என் நினைவில் உள்ளன. உங்கள் வீட்டில் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், இந்த வார விடுமுறையிலேயே ஒரு கொப்பியுடன் பக்கத்தில் அமருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. எல்லாத் துறை ஆய்வுகளுக்கும் பொதுவான நான்கு அம்சங்களையும் குறிப்பிடுக.
2. கோப்பித் துரு, தேயிலைக் கொப்புள நோய் ஆகியவற்றை எதிர்கொண்ட விதங்களை ஒப்பிடுக.
3. கருதுகோள், முடிவு ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
4. உங்கள் தோட்டத்தில் வழங்கும் ஐந்து தொழிற்சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் யாரிடம், எப்போது கேட்டறிந்தீர்கள் என எழுதுக.