கண்ணை மூடினால் கால் எங்கே?

கிள்ளானில் இருக்கும் அம்மா, முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாடினார். ‘வயசாச்சு’ என்று நானும் விட்டுவிட்டேன். மருத்துவர் விடவில்லை. கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். அம்மா சாய்ந்தார், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண் மட்டும் சொல்வதில்லை. தசை, மூட்டுகளிலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடத்தின் பின்பகுதி வழியே ஏறி, முகுளத்தில் பக்கம் மாறி மூளைக்குப் போகிறது. மென்மையான தொடுதலுக்கும் அதே வழிதான். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் விரலால் பிரெய்ல் படிப்பதும் இந்தப் பாதையை நம்பித்தான். வலிக்கும் சூட்டுக்கும் பாதை வேறு. அதனால்தான் அம்மாவுக்கு வெந்நீரின் சூடு தெரிந்தது, தரை தெரியவில்லை.

வைட்டமின் பி12 குறைந்தால் இந்தப் பின்பாதை நரம்புகளின் உறை சிதையும். அம்மா சுத்த சைவம். இனிப்புநீருக்குப் பல வருடமாக மெட்பார்மின் மாத்திரை. இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனை அதை உறுதிசெய்தது. ஊசி போட்டு, சில மாதங்களில் தள்ளாட்டம் குறைந்தது. பாதத்தில் மரமரப்பு மட்டும் இன்னும் மிச்சம். இன்னும் தாமதித்திருந்தால் நடையே போயிருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறாரா? வயதின்மேல் பழி போடுமுன் மருத்துவரிடம் பி12 பற்றிக் கேளுங்கள்.